பயண நோக்கம்

துலிப் பூக்களை எனக்குத் தேதியாகத்தான் தெரியும்.
ஏப்ரல் பதினைந்து முதல் மே ஐந்து.
முன்னால் போனால் மொட்டு,
பின்னால் போனால் வெட்டிய காம்பு.
லாவண்டர் என்றால் ஜூலை:
மதுரையில் ஏறி, கொழும்பில் மாறி,
தோஹாவில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும்.
செர்ரிக்கு நான் பொறுப்பேற்பதில்லை.
அது பூக்கும் நாளை ஜப்பான்காரர்களே
முந்தின நாள்தான் சொல்கிறார்கள்.

கீழக்கரையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
பதினோரு வருடமாகப்
பிறருக்குப் பூ பிடித்துத் தருகிறேன்.
ஜன்னல் இருக்கை. ஹலால் சாப்பாடு. முப்பது கிலோ.

ஹாலந்து போய்வந்த மக்தூம் பீவி லாத்தா
போனை நீட்டினார்.
சிவப்பில் ஒரு கோடு, மஞ்சளில் ஒரு கோடு,
கோட்டுக்குக் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி.
வாசம் எப்படி லாத்தா?
கொஞ்சம் யோசித்தார்.
“குளிரும்மா. மூக்கு அடச்சுப் போச்சு.”

இந்த ஜனவரியில்
எனக்கே ஒரு படிவம் நிரப்பினேன்.
பெயர்: நூருல் சபீகா.
பயண நோக்கம்: பூ பார்க்க.
முதலாளி எட்டிப் பார்த்துச் சிரித்தார்,
சுற்றுலான்னு போடு.
அடித்துவிட்டுப் போட்டேன்.
நான்கு வாரத்தில் பதில் வந்தது.
நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்புவீர்கள்
என்பதற்குப் போதிய சான்று இல்லை.

நியாயம்தான்.
என்னிடமும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாம்பனுக்கு,
சின்னப்பாலத்துக்குப் போனேன்.
சேதுராக்கின் மகனுக்கு ஷார்ஜா டிக்கெட்.
வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன்,
தாளாக வேண்டும் என்றாள்.
வீட்டில் ஆள் இல்லை.
கடல் வற்றிக் கிடந்தது.
முழங்கால் தண்ணீரில், தூரத்தில்,
ஆண்பிள்ளைச் சட்டையும்
விரல் விரலாகச் சுற்றிய துணியுமாகப்
பாசி பறித்துக்கொண்டிருந்தாள்.

“கால ஒரசி ஒரசி வா.
திருக்க கெடக்கும்.”

உரசி உரசிப் போனேன்.
பாதி வழியில் தண்ணீரெல்லாம் வெள்ளை வெள்ளையாக,
பொரியைவிடச் சின்னதாக,
ஆயிரம், பத்தாயிரம்.
யாருக்கா இங்க தெர்மகோல ஒடச்சுக் கொட்டுனது?

“தெர்மகோலா!
பூவு.
அமாவாசை கழிஞ்சா தாழ பூக்கும், கடல்தாழ.
இதெல்லாம் ஆம்பளப் பூவு.
அடியிலயே கெடக்காது.
அத்துக்கிட்டு மேல வந்துரும்.
பொம்பளப் பூவு அந்தா,
வேர விடாம, காம்ப நீட்டிக்கிட்டு,
வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு பாரு.”

பார்த்தேன்.
கொண்டல் தள்ளத் தள்ள
தண்ணீரில் நனையாமல் நின்றபடியே நகர்ந்தன.
சில பச்சைக் காம்பில் போய் முட்டின.
பல என் கெண்டைக்காலில் வந்து ஒட்டின,
விலாசம் தப்பி.
குனிந்து முகர்ந்தேன்.
மூக்கு அடைக்கவில்லை. உப்பு,
கொஞ்சம் டீசல்.
படம் எடுத்தேன்,
படத்தில் வெயில் மட்டும் விழுந்திருந்தது.

எத்தனை நாள் இருக்கும்?

“நாளா? தண்ணி ஏறுற வரைக்கும்.”

துணி சுற்றிய விரலை உதறிவிட்டு
டிக்கெட்டை ஓரத்தில் பிடித்தாள்.
எழுத்துத் தெரியாது,
அம்புக்குறியைப் பார்த்தாள்.
ஒரே ஒரு அம்பு.
“போறதுக்கு மட்டுந்தானா?”
ரெண்டு வருச விசா அக்கா.
திரும்புறதுக்கு அங்க கம்பெனியே போடும்.
“ம்.”
தாளை மடித்துப் பல்லால் கவ்விக்கொண்டு
மறுபடி குனிந்தாள்.

தண்ணீர் ஏறத் தொடங்கியது.

பஸ்ஸில், பாலம் தாண்டுகையில்,
கணுக்காலில் ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.
சுரண்டி உள்ளங்கையில் வைத்தேன்.
காய்ந்தால் தெர்மகோல்தான்.

திங்கட்கிழமை மறுபடி விண்ணப்பித்தேன்.
இம்முறை வங்கிக் கணக்கு,
வீட்டு வரி ரசீது, முதலாளியின் கடிதம்.
ஏப்ரல் பதினைந்து முதல்
மே ஐந்து.